எந்த சார்லஸ் கேரல்?

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 56 பேர். அதில் ஒருத்தர் மட்டும் தன் பெயரோடு இடப்பெயரையும் சேர்த்து, 'கேரல்டனைச் சேர்ந்த சார்லஸ் கேரல்' என்று நீட்டி எழுதியிருக்கிறார். ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாராம். பக்கத்தில் நின்றவர், "உனக்கென்னப்பா கவலை, மேரிலாண்டில் தடுக்கி விழுந்தால் ஒரு சார்லஸ் கேரல். தூக்கில் போட வர்றவன் எந்த கேரலைத் தேடுவான்?" என்று கிண்டலடித்தாராம். உடனே இவர் திரும்பி வந்து பேனாவை எடுத்து 'கேரல்டன்' என்று சேர்த்துவிட்டு, "இப்போ கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாராம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் நடந்திருக்க வாய்ப்பில்லை. இந்த மனிதர் ஐரோப்பாவில் படிப்பை முடித்து ஊர் திரும்பியது 1765-இல். கேரல்டன் என்ற பெரிய பண்ணை நிலத்தை அப்பா அவருக்குக் கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். அப்போதிலிருந்தே 'கேரல்டன்' சேர்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். 1776 ஆகஸ்ட் 2 அன்று பிரகடனத்தில் போட்டது, பத்து வருஷமாக வழக்கமாகப் போட்டுவந்த அதே கையெழுத்துதான். வீரவசனம் எதுவும் இல்லை.

கதை பொய்யாக இருந்தாலும் அதில் ஒரு விஷயம் நூறு சதவீதம் உண்மை: மேரிலாண்டில் நிஜமாகவே சார்லஸ் கேரல்கள் மலிந்து கிடந்தார்கள். ஆரம்பகால அமெரிக்க அரசியல் குடும்பங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். அதனால் இந்தக் குடும்பத்தை வைத்தே, ஒரே பெயர்க்காரர்களை எப்படிப் பிரிப்பது என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய தாத்தா, சார்லஸ் கேரல் (1661-1720). வரலாற்றாசிரியர்கள் இவரைக் 'குடியேறியவர்' என்பார்கள். இவர் மகன் சார்லஸ் கேரல் (1702-1782), 'அனாபொலிஸ்காரர்'. அவர் மகன்தான் நம் கையெழுத்துக்காரர், சார்லஸ் கேரல் (1737-1832), 'கேரல்டன்காரர்'. இவர் மகன் இன்னொரு சார்லஸ் (1775-1825), 'ஹோம்வுட்காரர்'. அவர் கட்டிய ஹோம்வுட் வீடு இன்றைக்கு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் மகனும் சார்லஸ். நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள், பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு தலைமுறையாவது இடைவெளி கிடைக்கும். இவர்களிடம் அதுவும் கிடையாது. அப்பா, பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் வரிசையாக ஒரே பெயர்.

இதோடு போனால் பரவாயில்லை. பக்கத்துக் கிளையில் டாக்டர் சார்லஸ் கேரல் (1691-1755), அவர் மகன் சார்லஸ் கேரல் (1723-1783) என்று இன்னும் இரண்டு பேர். பின்னவருக்கு 'பாரிஸ்டர்' என்று பட்டம். அனாபொலிஸ், கேரல்டன், பாரிஸ்டர் மூன்று பேரும் 1776-இல் உயிரோடு இருந்தார்கள். எல்லாருக்கும் நிலம், பணம், அடிமைகள், அரசியல் எல்லாம் இருந்தன. ஒரே ஊரில் புழங்கினார்கள். ஒரே கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார்கள். 1731-இல் தொடங்கிய பால்டிமோர் இரும்பு ஆலையின் ஐந்து பங்குதாரர்களில் அனாபொலிஸ் கேரலும் ஒருவர், டாக்டர் கேரலும் ஒருவர். அந்த ஆலைக் கணக்கில் 'சார்லஸ் கேரல்' என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் என்ன செய்வீர்கள்?

நான் செய்வது இது. பெயரை விட்டுவிடுவேன், தேதியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு தாளில் குறுக்கே வருஷங்களைப் போட்டு, ஒவ்வொரு கேரலுக்கும் ஒரு கோடு. பிறந்தது, ஊரை விட்டுப் போனது, திரும்பி வந்தது, கல்யாணம், மனைவி இறந்தது, தானே இறந்தது. 'இது யார்?' என்ற கேள்வியை விட 'இது யாராக இருக்கவே முடியாது?' என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

உதாரணமாக, கேரல்டன்காரரைச் சின்னப் பையனாக இருக்கும்போதே பிரான்ஸில் இயேசு சபையினர் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாரிஸ், லண்டன் என்று சுற்றி 1765-இல்தான் திரும்பினார். ஆக 1750-களில் மேரிலாண்டில் நிலம் வாங்கிய, வழக்குப் போட்ட, சாட்சி சொன்ன எந்த சார்லஸ் கேரலும் இவர் இல்லை. ஒரே அடியில் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது மதம். இதை நான் ரொம்ப நம்புவேன். அனாபொலிஸ் கேரலும் அவர் பிள்ளையும் கத்தோலிக்கர்கள். காலனி ஆட்சியின்போது மேரிலாண்டில் கத்தோலிக்கர்கள் பதவிக்கு வர முடியாது. 1718-இலிருந்து ஓட்டுரிமையும் கிடையாது. டாக்டர் கேரலோ ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிவிட்டார். அதனால் அவருக்கும் அவர் மகன் பாரிஸ்டருக்கும் சட்டசபைக் கதவு திறந்திருந்தது. 1760-களின் சட்டசபைக் குறிப்பில் ஒரு சார்லஸ் கேரல் உட்கார்ந்திருந்தால் அது பாரிஸ்டர்தான். அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகப் பின்னால் பேசப்பட்ட கேரல்டன்காரர், அந்த நாளில் ஓட்டுக்கூடப் போட முடியாதவர்.

படிப்பை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். 'லண்டனில் சட்டம் படித்த சார்லஸ் கேரல்' என்றால் இரண்டு பேருமே அப்படித்தான். ஆனால் கத்தோலிக்கர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆகவே படித்தும் தொழில் செய்ய முடியாதவர் ஒருவர், 'பாரிஸ்டர்' என்பதையே பெயரின் வாலாகச் சேர்த்துக்கொண்டவர் இன்னொருவர். அந்த வாலுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

மூன்றாவது, மனைவிமார். பழைய பத்திரங்களில் நிலம் விற்கும்போது மனைவியின் பெயரும் பல இடங்களில் வரும். 'சார்லஸ், மார்கரெட்' என்றால் பாரிஸ்டர், 1763-க்கும் 1783-க்கும் இடையில். 'சார்லஸ், எலிசபெத்' என்றால் அனாபொலிஸ்காரர். இதிலும் ஒரு விசேஷம்: அவரும் எலிசபெத் புரூக்கும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டது 1757-இல். அப்போது அவர்கள் மகன் சார்லஸுக்கு 19 வயது! எலிசபெத் 1761-இல் இறந்துவிட்டார். ஆக அந்த ஜோடிப் பெயர் சட்டப்படி செல்லுபடியாகும் காலம் நாலைந்து வருஷம்தான். 'சார்லஸ், மேரி' என்று வந்தால்தான் கொஞ்சம் நிதானிக்கணும். கேரல்டன்காரர் 1768-இல் கட்டிக்கொண்டது மேரி டார்னல் என்ற பெண்ணை. அவருடைய தாத்தா, அந்தக் குடியேறியவர், இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டதும் ஒரு மேரி டார்னலைத்தான். பாட்டிக்கும் பேத்தி முறைக்காரிக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்தகம், ஒரே புகுந்தகம். நல்லவேளை, நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. இங்கேயும் தேதிதான் காப்பாற்றுகிறது.

இடப்பெயரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கேரல்டன் என்பது ஃப்ரெடரிக் கவுன்டியில், குத்தகைக்காரர்கள் பயிர் செய்த நிலம். 'கேரல்டன்காரர்' அங்கே குடியிருந்ததே இல்லை. இருந்தது அனாபொலிஸ் வீட்டிலும் டொரேகன் என்ற பண்ணையிலும். அந்த டொரேகன் இன்றைய வரைபடத்தில் ஹோவர்ட் கவுன்டியில் இருக்கிறது. அந்தக் கவுன்டியே 1851-இல் பிரிந்து வந்ததுதான். அதற்கு முன்னால் எல்லாம் ஆன் அருண்டல் கவுன்டிப் பதிவேட்டில் தேடணும். வீட்டைத் தேடிக் கேரல்டனுக்குப் போனாலும் கிடைக்காது, ஹோவர்ட் பதிவேட்டுக்குப் போனாலும் கிடைக்காது.

பாரிஸ்டரின் மவுன்ட் கிளேர் மாளிகை இன்றும் பால்டிமோரில் நிற்கிறது. 1828 ஜூலை 4 அன்று பால்டிமோர்-ஒஹையோ ரயில் பாதையின் முதல் கல்லை நாட்டியவர் சார்லஸ் கேரல். இது கேரல்டன்காரர், 90 வயசு, பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு மிச்சமிருந்த ஒரே ஆள். பாதை தொடங்கிய இடமோ மவுன்ட் கிளேர், பாரிஸ்டரின் பழைய சொத்து. பக்கத்திலேயே ரயில் போகும் கல்பாலத்தின் பெயர் கேரல்டன் வயாடக்ட். ஊர் சுற்றிப்பார்க்கப் போகிறவர் 'ஓ, இது அவரோட வீடு போல' என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பிரகடனத்துக்கே திரும்பிப் போவோம். அதில் 'ஜூனியர்' என்று போட்டுக் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர், அவர்களில் இருவர் தென் கரோலைனா. தாமஸ் லிஞ்ச் ஜூனியரின் அப்பா பெயர் தாமஸ் லிஞ்ச். சரி. தாமஸ் ஹேவர்ட் ஜூனியரின் அப்பா பெயர்? டானியல் ஹேவர்ட். அப்புறம் என்ன ஜூனியர்? 18-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு 'மகன்' என்று அர்த்தம் இல்லை. 'இதே பெயரில் வயதில் மூத்த இன்னொருத்தர் இங்கே இருக்கிறார், நான் சின்னவன்' என்று மட்டும்தான் அர்த்தம். மூத்தவர் சித்தப்பாவாக இருக்கலாம், ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம், சொந்தமே இல்லாத பக்கத்துத் தெருக்காரராகக்கூட இருக்கலாம். நம்ம ஊரில் பெரிய முருகன், சின்ன முருகன் என்று கூப்பிடுவதில்லையா, அதே கணக்கு. மூத்தவர் போய்விட்டால் ஜூனியர் என்ற வால் உதிர்ந்துவிடும். அடுத்து வளர்ந்து வரும் பையனுக்காக அவரே 'சீனியர்' ஆகிவிடவும் கூடும். ஒரே ஆள் மூன்று பெயரில் வருவார். இரண்டு ஆள் ஒரே பெயரில் வருவார்கள். குடும்ப மரம் போடுகிறவர்கள் 'ஜூனியர்' என்று பார்த்த உடனே மேலே ஒரு அப்பாவை ஒட்டவைப்பது எவ்வளவு ஆபத்து என்று ஹேவர்டே சாட்சி.

நியூயார்க் லிவிங்ஸ்டன் குடும்பத்தில் இது முற்றிப்போன நிலையில் இருக்கும். 1775 ஜனவரியில் உயிரோடிருந்த ராபர்ட்கள்: கிளெர்மான்ட்காரர் ராபர்ட் லிவிங்ஸ்டன், வயசு எண்பதுக்கு மேல். அவர் அண்ணன் மகன், லிவிங்ஸ்டன் பண்ணையின் மூன்றாவது பிரபு ராபர்ட். கிளெர்மான்ட்காரரின் மகன், நீதிபதி ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். நீதிபதியின் மகன், அவரும் ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். இந்தக் கடைசி ஆள்தான் 1776-இல் பிரகடனத்தை எழுத நியமித்த ஐவர் குழுவில் இருந்தவர், 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர்.

நடுவில் நிற்கும் அந்த 'ஆர்.' என்ன? ராபர்ட். அதாவது ராபர்ட் ராபர்ட் லிவிங்ஸ்டன், ராபர்ட்டின் மகன் ராபர்ட். தமிழ்நாட்டு இனிஷியலேதான்! எனக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். குடும்பத்தில் பீட்டர் ஆர். லிவிங்ஸ்டன் என்றால் மூன்றாவது பிரபு ராபர்ட்டின் மகன். ராபர்ட் ஜி. என்றால் கில்பர்ட்டின் மகன். அப்பா பெயரை இனிஷியலாகப் படித்துப் பழகிய நமக்கு இந்தக் குடும்பம் சீக்கிரம் வசப்படும். ஆனால் அப்பாவும் தாத்தாவும் மகனும் ஒரே ராபர்ட்டாக இருந்தால் இனிஷியலும் கைகொடுக்காது. அங்கே வயசைக் கேட்கணும். 1765-இல் ஸ்டாம்ப் வரிக்கு எதிராகக் கூடிய மாநாட்டில் நியூயார்க் சார்பில் போன ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன் யார்? மகனுக்கு அப்போது 18 வயசுதான். போனவர் நீதிபதி. கிளெர்மான்ட் தாத்தாவும் நீதிபதியும் அதே 1775-ஆம் வருஷத்திலேயே அடுத்தடுத்து இறந்தார்கள். அதனால் அந்த வருஷக் கடிதம் ஒன்றில் 'ராபர்ட் லிவிங்ஸ்டன்' என்று வந்தால் வருஷம் போதாது, மாதமும் வேணும். இன்னொன்று, ஐவர் குழு லிவிங்ஸ்டன் பிரகடனத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர் பிலிப் லிவிங்ஸ்டன், நீதிபதியின் பெரியப்பா மகன்.

பார்த்தீர்களா, 'பெரியப்பா மகன்' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் 'கசின்' என்று முடித்துவிடுவார்கள். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. பங்காளியா, அத்தை மகனா, மாமன் மகனா என்று தேடித் தெரிந்துகொண்டால்தான் ஒரு வாக்கியம் எழுத முடியும். இது தொல்லை மாதிரித் தெரியும், ஆனால் சரியான கேள்வியைக் கேட்கவைக்கிறது. அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட டானியல் கேரலையும், அவர் தம்பி, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயர் ஜான் கேரலையும் கேரல்டன்காரரின் 'கசின்' என்றே எல்லாரும் எழுதுவார்கள். எல்லாரும் கேரல், எனவே பங்காளிகள் என்று எழுதத் தோன்றும். ஆனால் தெளிவாகப் பிடிபடும் உறவு டார்னல் வீட்டுப் பெண்கள் வழியாக. டானியலின் அம்மா எலினார் ஒரு டார்னல். கேரல்டன்காரரின் பாட்டி மேரியும் டார்னல். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது அங்கே கண்ணைக் கட்டிவிடுகிறது.

அந்தக் காலத்து ஆங்கிலத்திலேயே உறவுச் சொற்கள் இன்றைய பொருளில் இல்லை என்பது வேறு. வாஷிங்டன் 1768-இல் ஒரு வாத்தியாருக்கு எழுதிய கடிதத்தில் ஜாக் கஸ்டிஸை 'சன்-இன்-லா' என்கிறார். மருமகன் என்று மொழிபெயர்த்தால் போச்சு. பையன் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கல்யாணத்துப் பிள்ளை. மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் உறவுக்கும் அப்போது 'இன்-லா' போடுவார்கள்.

டானியல் கேரலும் ஒருத்தரோடு நிற்கவில்லை. சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர் ராக் க்ரீக் டானியல் கேரல் (1730-1796). புதுத் தலைநகரை அமைக்க வாஷிங்டன் நியமித்த மூன்று கமிஷனர்களில் இவரும் ஒருவர். 1791-இல் நகரத்துக்குத் திட்டம் போட்ட பிரெஞ்சுப் பொறியாளர் லான்ஃபான், தான் வரைந்த தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு டானியல் கேரலின் புது வீட்டை இடித்துத் தள்ளினார். கமிஷனர் வீட்டையே இடித்தாரா? இல்லை. அது டடிங்டன் டானியல் கேரல் (1764-1849). கமிஷனர் இவருடைய அத்தையைக் கட்டியவர். அதனால் விவகாரத்தில் உறவு இருக்கிறது, ஆனால் ஆள் வேறு. லான்ஃபான் சில மாதங்களில் வேலையை இழந்தார். இரண்டு டானியலையும் ஒன்றாக்கிவிட்டால், தன் வீட்டை இடித்தவனைப் பழிவாங்கிய கமிஷனர் என்று ஒரு நாடகம் தானாக உருவாகிவிடும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. ராபர்ட் மாரிஸும் கவர்னீர் மாரிஸும் கூட்டாளிகள், நிதித்துறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், இருவரும் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், சொந்தம் மட்டும் கிடையாது. (கவர்னீர் என்பது பதவியும் இல்லை, அவர் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்.) வாஷிங்டனோடு மல்லுக்கட்டிய ஜெனரல் சார்லஸ் லீ இங்கிலாந்தில் பிறந்தவர். பின்னால் அட்டர்னி ஜெனரலாக இருந்த சார்லஸ் லீ வர்ஜினியா லீ குடும்பம். இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, யார் எந்த கேரலாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். 1776-இல் மேரிலாண்டின் உரிமைப் பிரகடனத்தை எழுத அமைத்த ஏழு பேர் குழுவில் கேரல்டன்காரர், பாரிஸ்டர் இருவருமே இருந்தார்கள். புகழ்பெற்றவருக்கே எல்லாப் பெருமையும் போய்ச் சேருவதால் பாரிஸ்டரின் பங்கு மறைந்துபோகிறது. இது ஒரு நஷ்டம். ஆனால் பெரிய நஷ்டம் வேறு ஆட்களுக்கு.

கேரல்கள் எல்லாருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். அனாபொலிஸ் கேரலிடம் மட்டும் 1770-களில் 300 பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலோர் டொரேகனில். மவுன்ட் கிளேரில் பாரிஸ்டரின் அடிமைகள். இரும்பு ஆலையில் பங்குதாரர்கள் எல்லாருக்கும் பொதுவாக உழைத்தவர்கள். பதிவேடுகளில் இவர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இருக்காது. ஒரு முதல் பெயர், வயசு, பக்கத்தில் எஜமானன் பெயர். இன்றைக்குத் தன் முன்னோரைத் தேடும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே நூல்முனை அந்த எஜமானன் பெயர்தான். அது 'சார்லஸ் கேரல்' என்று மட்டும் இருந்தால், புகழ்பெற்ற கேரல்டன்காரரின் காகிதங்களில்தான் முதலில் தேடுவார்கள். அவர்கள் பாட்டனார் மவுன்ட் கிளேரில் இருந்தவராக இருந்தால் அங்கே எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்க மாட்டார். டொரேகனில் இருந்தவராகவே இருந்தாலும் 1782 வரை சொத்து அப்பாவுடையது. அவர் பெயரிலுள்ள பட்டியலைப் பார்க்கணும்.

மவுன்ட் கிளேர் பக்கம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சும் காத்திருக்கிறது. பாரிஸ்டருக்கு வாரிசாகக் குழந்தை இல்லை. 1783-இல் அவர் இறந்தபோது சொத்து அக்கா, தங்கை வழி மருமகன்களுக்குப் போனது. நிபந்தனை, அவர்கள் கேரல் என்ற பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் ஜேம்ஸ் மக்கபின் ஒரு நாள் ஜேம்ஸ் கேரல் ஆனார், நிக்கலஸ் மக்கபின் நிக்கலஸ் கேரல் ஆனார். ரயில்வேக்கு மவுன்ட் கிளேரில் நிலம் கொடுத்தது இந்த ஜேம்ஸ்தான். ஆகவே 1783-க்குப் பிந்தைய மவுன்ட் கிளேர் ஆட்களைத் தேடும்போது கேரல் என்ற தலைப்பில் பார்ப்பதோடு நிறுத்தாமல், பெயர் மாறுவதற்கு முந்தைய காகிதங்களுக்காக மக்கபின் என்ற தலைப்பையும் புரட்டிப் பாருங்கள்.